கரன்ட் பில்லின் பின்பக்கம்

கை நடுங்கினால் வானமே நடுங்கும்.
ஆகவே கொல்லையில் துணி உலர்த்தும் சுழல்கம்பியில்
டயர்க்கடைச் சீருடை இரண்டுக்கும் நடுவே
பைனாகுலரை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறேன்.
ஹைஃபீல்ட்ஸில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது
பதினைந்து டாலருக்கு வாங்கியது.
இடது கண்ணாடியில் கீறல்.
உறைக்குள் தோற்றுப்போன ஒரு குதிரைப் பந்தயச் சீட்டு.

டூவூம்பாவின் டிசம்பர்
எட்டு மணிக்குத்தான் முழுசாக இருட்டுகிறது.
வடக்கே ஜெகராண்டாவுக்கு மேல்
கார்த்திகைக் கூட்டம் தலைகீழாகத் தொங்குகிறது,
அதே மரத்து வவ்வால்களைப் போல.
கையை நீட்டி, அதற்கு மேலே மூன்று விரல் அகலம்.
அங்கே ஜோடியாக இரண்டு மங்கல் மீன்கள்.
பக்கத்தில் இன்னொன்று
இருக்க வேண்டும்.

இருக்கிறது. நாலைந்து இருக்கிறது.
எல்லாம் ஒரே ரவை.

மீன் மினுக்கும், கோள் மினுக்காது என்பார்கள்.
இவ்வளவு மங்கலில் அந்தச் சாட்சி செல்லாது.
கரன்ட் பில்லைத் திருப்பிப் போட்டு
சாக்லேட்டுத் தாள் சுற்றிய டார்ச்சின் சிவப்பில்
ஒன்பது புள்ளி குத்தினேன்.
எது நகர்கிறதோ அதுதான்.

நகர்வதற்கு அதற்கு நாள் வேண்டும்.
எனக்கு மேகமில்லாத நாள் வேண்டும்.
இரண்டு நாள் மழை.
மூன்றாம் நாள் ஆலங்கட்டி, டாரிலின் கார்க் கண்ணாடி போயிற்று.
நாலாம் நாள் தெளிந்த வானம்,
ஆனால் வேலிமேல் ஒரு பாசம் நடந்துபோக
டாரில் வீட்டு சென்சார் விளக்கு
பளீரென்று முகத்தில் அறைந்தது.
கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம்.
பாசம் திரும்பி வந்தது. இன்னொரு இருபது.

என்னத்தைத் தேடுகிறாய் என்றார் டாரில், வேலிக்கு அந்தப்பக்கம்.
யுரேனஸ் என்றேன்.
வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
அவர் மொழியில் அந்தப் பெயருக்குள் ஒரு பின்புறம் இருக்கிறது.
என் மொழியில் அது வெறும் நாலு எழுத்து.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சமையலறைக் காலண்டரில் ஒன்பது பேருக்கும் வீடுண்டு,
நிழல்கள் இரண்டுக்கும்கூட.
இதற்குக் கிடையாது.
யாருடைய ஏழாமிடத்திலும் உட்கார்ந்து
இது பெண் வீட்டாரைத் திருப்பி அனுப்பியதில்லை.
இப்போதுகூட வக்கிரமாகத்தான் போகிறது.
கேட்பாரில்லை. பரிகாரமில்லை.
பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபதும் ஓடி முடிந்து
மேற்கொண்டு இருபத்து நாலு போனால்
இதற்கு ஒரு வயசு.

பத்தாம் இரவு.
அதே கம்பி, துவைத்த அதே சீருடை.
ஜோடி மீன்கள் போட்ட இடத்தில்.
மற்றவை போட்ட இடத்தில்.
ஐந்தாவது புள்ளி மட்டும் இடப்பக்கம்
ஒரு பேனாமுனை
தள்ளி நிற்கிறது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
பில்லை. வானத்தை. பில்லை.
தள்ளித்தான் நிற்கிறது.

சொல்ல ஆள் வேண்டுமே.
அங்கயற்கண்ணி முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட்.
அவள் பார்த்துக்கொள்ளும் எட்டாம் அறை ஐரீனுக்கு
போன மாதம் எண்பத்து நாலு முடிந்தது.
அப்படியானால் ஐரீன் பிறந்த இரவில்
இந்தப் புள்ளி இதே கார்த்திகைப் பக்கம்தான் நின்றிருக்கும்.
ஒரு முழுச் சுற்று போய்
இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

புள்ளிகளைப் படமெடுத்து அனுப்பினேன்:
ஐரீனிடம் சொல், மேலே ஒருத்தர் கணக்கில்
அவருக்கு இப்போதுதான் முதல் பிறந்தநாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில்:
அவங்க தூங்கறாங்க.
பின்பக்கம் இருக்கட்டும், முன்பக்கம் பாத்தீங்களா?
நாளைக்குக் கடைசித் தேதி.

புல்லில் வெறுங்காலோடு நின்றபடியே
ஃபோனில் பணம் கட்டினேன்.
நூற்றெண்பத்து மூன்று டாலர் நாற்பது காசு.
நிமிர்ந்தால் திரை வெளிச்சம் கண்ணிலேயே நிற்கிறது,
வடக்கு முழுக்க ஒரு பச்சைக் கறை.

மறுபடி இருபது நிமிஷம்.