இடப்பக்கம்

மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பர்.
கெமி நகரம் முழுக்கப் பனி.
சமையல் மேசையில் கிடக்கிறது ஆம்ப்ளிஃபயர்
மூடி கழன்று, வயிறு தெரிய.
எட்டுத் திருகுகள் காபித் தட்டில்.
ஒன்பதாவது உருண்டு விழுந்தது
சத்தமே இல்லாமல். போகட்டும்.

நவம்பரிலிருந்து ஒரு ம்ம்ம்ம்.
எந்தப் பெட்டியிலிருந்து என்று தெரியவில்லை,
உள்ளங்கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்:
இடது.
ஆலையில் லெஸ்கினென் பேசுவதும் இப்போதெல்லாம்
இதே ம்ம்ம்ம்தான்.
வாயைத் திறந்து பேசய்யா என்று
போன வாரம் கத்தியே விட்டேன்.

பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே கை வைக்கக் கூடாது.
பெரிய கெப்பாசிட்டர்கள் கடன்காரன் மாதிரி,
வாசலைவிட்டு லேசில் போகாது.
ஒரு கை கால்சட்டைப் பைக்குள்,
மறு கையில் மீட்டர்:
நாற்பத்தொன்று, முப்பது, பன்னிரண்டு.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போய்
திரும்பியும் வந்துவிட்டது.
இரண்டு வோல்ட்.

அதோ குற்றவாளி. தலை உப்பி,
புளித்த மாவு மூடியைத் தள்ளுகிற மாதிரி.
ஈயத்தை உருக்கி இழுத்தேன்,
ஒரு கால் ஒடிந்து உள்ளேயே தங்கியது.
அதைக் கெட்ட வார்த்தை சொல்லித்தான் எடுக்க முடிந்தது.
புதியதை நிறுத்தி
மைனஸ் பக்கம் பார்த்து
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்து
பற்றவைத்தேன்.

நேராகச் சுவரில் செருகப் பயம்.
நடுவில் ஓர் அறுபது வாட் குண்டு பல்பு:
எங்காவது ஷார்ட் என்றால்
பல்பு எரிந்து பெட்டியைக் காப்பாற்றும்.
ஸ்விட்சைப் போட்டேன்.
பளீரென்று எரிந்தது.
அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்த சாமிகளெல்லாம் வந்து போனார்கள்.
பிறகு மங்கி
சிவந்த நூலாக நின்றது பல்பு.
சரியாகிவிட்டது.

ரெகார்டை வைத்தேன். ம்ம்ம்ம் போயிருந்தது.
ஆனால் பாட்டு வலப்பக்கம் மட்டும்.

வயர்களை மாற்றிச் செருகினேன். வலம்.
ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன்,
முதுகு பிடித்துக்கொண்டது. வலம்.
மீட்டர் சொல்கிறது, இரண்டும் சமம்.
மீட்டரை நம்பாமல் ஒலியைக் கூட்டினேன்.
மாடியிலிருந்து சைமி இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.
எத்தனை நேரம் தட்டினாளோ.
தரை அதிருது, ரெண்டு மூலையும், என்றாள்.

ரெண்டு மூலையும்.

அவள் போன பிறகு
மிச்சமிருந்த ஒரே பாகத்தைச் சோதித்தேன்:
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
இத்தனை நேரம் ஊமையாயிருந்த பெட்டி
பாட ஆரம்பித்தது.
பாடிக்கொண்டிருந்தது ஊமையானது.

நான்காம் எண் காகித இயந்திரம்
இருபத்தாறு வருஷம் என் இடது தோளருகே ஓடுகிறது.
லெஸ்கினென் நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

ரெகார்டின் மறுபக்கத்தைப் போட எழுந்தேன்.
வெறுங்காலில் சுருக்கென்று குத்தியது
ஒன்பதாவது திருகு.