நிலை: இயங்கும்

அம்பலவன்பொக்கணை, மூன்றாம் ஒழுங்கை.
பத்தேகால் மணிக்கு டிடெக்டர் முனகியது.
ஆணியாய் இருக்கும் என்று நினைத்தேன்.
இந்த மண்ணில் பாதி ஆணி,
மீதி சட்டி, பானை, சைக்கிள் கம்பி.
முழங்காலில் இருந்து சுரண்டினேன்
விரற்கடை விரற்கடையாக.

முதலில் யூரியாப் பையின் கிழிசல்.
சைக்கிள் ரியூப் கீற்றால் கட்டிய முடிச்சு.
பிறகு கிறீஸ், பத்து மாரி கண்டும் மஞ்சளாக.
பிறகு ஒரு கைபிடியின் முதுகு.

யூட் விசில் ஊதி எல்லாரையும் பின்னுக்கு எடுத்தார்.
கயிறு கொளுவி இழுத்து, பொறி இல்லை என்று கண்டு
மேசைக்குக் கொண்டுவந்தார்.
"இவ்வளவு காலம் கிடந்தும் எப்பிடி?" என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.
என் விண்ணப்பப் படிவத்தில்
முன்னைய தொழில்: தையல்.

வாய்க்குள் சொன்னேன்:
இறுக்கிச் செய்தது இறுகிப்போகும்.
மேற்கூட்டுக்கும் உடலுக்கும் நடுவே
மயிரளவு தளர்வு வேண்டும்,
காதோடு ஆட்டினால் மெல்லக் கிலுங்கவேண்டும்.
மண் வரத்தான் செய்யும்,
வந்த மண் போக வழி வேண்டும்.
மினுங்கல் உடம்போடு ஒருமுறை ஒன்று வந்தது.
இடைவெளி என்பதே இல்லை, அவ்வளவு அழகு.
விசுவமடுப் புழுதியில்
மூன்றாவது ரவைக்கு வாயை மூடிக்கொண்டது.
எண்ணெய் குறைந்தால் தேயும்.
கூடினால் புழுதியைக் கூப்பிட்டுச் சோறு போடும்.
பழுது அனேகமாய்த் துப்பாக்கியில் இராது,
ரவைக்கூட்டில் இருக்கும், அதன் உதட்டில்.
கல்லில் விழுந்து உதடு நெளிந்தால்
ரவை மூக்கு முட்டி நிற்கும்.
நெளிந்ததை நிமிர்த்தாதே, எறி. அது பட்டறை விதி.
எறிந்துவிட்டு எடுக்க வேறு இருக்கவில்லை.
நிமிர்த்தினோம்.

யூட் துணியால் துடைத்தார்.
விசைக்காப்பின் உட்புறம்
அரத்தால் இழுத்த மூன்று கோடு.
மூன்றாவது சறுக்கியிருந்தது.
அன்று கிபிர் வந்தது, கை தவறிவிட்டேன்.

வாங்கிப் போனவள் நன்முகை. வீட்டில் யசிந்தா.
"நம்பலாமா?" என்று கேட்டாள்.
ஆயிரம் ரவைக்கு ஒருக்கால் ஸ்பிரிங் மாற்று என்றேன்.
சிரித்தாள்.
"ஆயிரம் ரவையை ஆர் தருவினம்?"

ரவைக்கூடு கழன்று வந்தது.
மேற்கூடு முதலில் மறுத்தது, நறநறத்தது, பிறகு வந்தது.
விட்டதும் தானாய்த் திரும்பியது.
குழல் வெறுமை.
தகர மூடியில் ஒவ்வொன்றாய்த் தள்ளினார்,
பச்சை பிடித்த ரவைகள்.
நானும் எண்ணினேன். எட்டு.
அது கொள்வதே எட்டுத்தான்.

ஒன்றும் குறையவில்லை.
ஒன்றாவது குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான்
இத்தனை வருடம்
நான் ஒருமாதிரி நித்திரை கொண்டேன்.

கிறீஸ் பூசி, பையை இரண்டு சுற்றுச் சுற்றி,
முடிச்சை இடப்பக்கம் போட்டிருக்கிறாள்.
அவள் இடக்கைக்காரி.
ஆறுதலாய்க் குழி கிண்டியிருக்கிறாள்,
சாக நினைத்தவள் இப்படிப் பொதிய மாட்டாள்.
பிறகு எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு
சனத்தோடு சனமாய் நடந்திருக்கிறாள்.
எந்தப் பக்கம், எவரோடு,
எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள்

யூட் பதிவேட்டில் எழுதுகிறார்:
கைத்துப்பாக்கி ஒன்று. ரவை எட்டு.
நிலை: இயங்கும்.
பொலிசுக்கு அறிவித்தாயிற்று.
ஒப்பமிட்டு வாங்கிப் போவார்கள்.
ஒரு பொருளை வாங்கினால் ஒப்பமிடவேண்டும்.

வீதியோரத் தகரக் கொட்டிலில்
யசிந்தாவின் தாய் படத்தோடு இருக்கிறா.
நேற்றும் பஸ்ஸில் வரும்போது கண்டேன்.
மழைக்குப் பயந்து படத்துக்குப் புது உறை போட்டிருக்கிறா.
எட்டும் இருந்தது என்று இறங்கிப் போய்ச் சொன்னால்
அது நல்ல செய்தியா?

விசில்.
முகக்கவசத்தை இறக்கினேன்.
கையுறை மாற்றியும் கிறீஸ் மணம் போகவில்லை.
மூன்றாம் ஒழுங்கை, அடுத்த முழம்.