முழுப் பூசணி

பூசணி என்று பேர் வைத்தவன் நிமலன்.
அப்போது எட்டு வாரக் குட்டி,
தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே தூங்கிவிடுவாள்.
இப்போது அறுபத்தேழு கிலோ.

ரெடிங்கில் மூன்றாம் மாடி, வாடகை வீடு.
பிராணிகள் கூடாது என்ற பத்திக்குக் கீழே
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
வீட்டுக்காரர் பார்க்க வரும் நாட்களில்
நான் அவளோடு காருக்குள் இருப்பேன்,
கண்ணாடியெல்லாம் அவள் மூச்சில் வெளுத்துப்போகும்.
கதிரையில் கிடந்த கறுப்பு முடியை
என்னுடையது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான் நிமலன்.
அடுத்த தரம் படியில் கண்டபோது
அந்த மனிதர் என் தலையைச்
சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தார்.
எங்கள் சட்டியில் அவ்வளவு சோறு இல்லை.

ஆகவே, வாங்குவது.
சேமிப்பும் கடனுமாக
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் பவுண்ஸ்.
ரெடிங்கில் அதற்குக் கார் நிறுத்த ஓர் இடமும்
தரகரின் அனுதாபமும் கிடைக்கும்.
வரைபடத்தில் விரலை வடக்கே நகர்த்தினோம்.
நகர நகர விலை இறங்கியது,
மழை ஏறியது.

அக்ரிங்டனில் தோட்டத்தோடு தரைத்தள வீடு.
குத்தகைப் பத்திரத்தின் பதினாலாம் பிரிவு:
விலங்கு, பறவை, ஊர்வன எதுவும் ஆகாது.
பல்லிக்கே இடமில்லை.

ஆற்றங்கரையில் ஒன்று, நம்ப முடியாத மலிவு.
நாங்கள் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் ஒரு சுவரையே முகர்ந்துகொண்டிருந்தாள்.
அங்கே மாட்டியிருந்த படத்தை நிமலன் விலக்கினான்:
என் இடுப்பு உயரத்தில்
தண்ணீர் வந்து நின்ற பழுப்புக் கோடு.

கீத்லியில் படிகள் ஏணி மாதிரி.
ஏறிவிட்டாள். இறங்க மறுத்துவிட்டாள்.
தரகர் கிரெய்க், புதுச் சப்பாத்துக்காரப் பையன்,
ஒரு பக்கம் போர்வையைப் பிடிக்க
நிமலன் மறுபக்கம் பிடிக்க
நாற்பது நிமிடத்தில் தரைக்கு வந்து சேர்ந்தாள்,
பல்லக்கில் வந்தவளின் முகத்தோடு.

பிறகு நெல்சன்.
வரிசையின் கடைசி வீடு.
முன்னறை அவள் நீட்டி நிமிர்ந்து கிடக்கப் போதும்.
பின்னால் யாருடையது என்று தெளிவில்லாத புல்.
தெரு முடியும் இடத்தில் கால்வாய்.
பக்கத்து வீட்டு ஷகுஃப்தா
கதவைப் பாதி திறந்து கேட்டாள்:
"குரைக்குமா?"
"இல்லை. குறட்டை விடும்."
"என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது,"
என்று உள்ளே கை காட்டினாள்.

வங்கிப் படிவத்தில்
உங்களை நம்பியிருப்போர் எத்தனை பேர்?
பூச்சியம் என்று எழுதினோம்.
எத்தனை வருடக் கடன்?
முப்பது.

அன்று இரவு பென்சில் இல்லாமல் கணக்குப் போட்டேன்.
இந்த இனம் ஒன்பது, மிஞ்சினால் பத்து.
அவளுக்கு ஏழரை.
கடைசித் தவணை கட்டும்போது எனக்கு அறுபத்தெட்டு,
இந்தப் புல்லில், இந்தக் கால்வாயில்
யார் நடப்பார்கள்?
நிமலனை எழுப்பிக் கேட்டேன்.
அவனும் தூங்கியிருக்கவில்லை.
"குசினிக் கதவு முப்பது அங்குலம்தான்,
அவள் திரும்ப முடியாது,
நிலையைக் கழற்ற வேணும்," என்றான்.
அதற்குப் பிறகு இருவரும் கதவைப் பற்றியே பேசினோம்.

வாடகை வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினோம்,
காரணம் என்ற இடத்தில் முதல் முறையாக உண்மை:
எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது.
மறுநாளே பதில் வந்தது.
மூன்று வருடமாகத் தெரியும்.
வைப்புப் பணத்தில் கம்பளத்துக்குக் கழிக்கப்படும்.

குடிபோன அன்றும் மழை.
வான் கதவு திறந்து கிடந்தது.
நிலை கழற்றிய குசினி வாசலில்
குறுக்கே விழுந்து படுத்துவிட்டாள்.
கூப்பிட்டோம். பிஸ்கட் காட்டினோம்.
ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடினாள்.
சட்டிகளும் பெட்டிகளுமாக
இரவு ஒன்பது மணிவரை
அவளைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தோம்.