நீலம் கழித்தல் ஐந்து

நீலத்தை ஐந்து புள்ளி கழித்தேன்.
சிவப்பை மூன்று கூட்டினேன்.
கிரெய்னைக் கடைசிவரை ஏற்றி வைத்தேன்.
இன்னும் பதினொரு தவணை பாக்கியுள்ள கேமராவுக்குள்
காசிமேடு
எண்பத்து நான்காம் வருடமாகிவிட்டது.

ஐஸ் பெட்டி, வஞ்சிரத்தின் செவுள்,
ஏலக்காரர் காதில் செருகிய பேனா
எல்லாம் டீ சிந்திய நிறத்தில்.
எண்ணூர்ப் பக்கம் போனால் இந்த வேலையும் மிச்சம்,
சாம்பல் தானாகவே படிந்து கொடுக்கும்.

இன்னாசி அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார்.
"இன்னாடா இது? போன வாரம் அடிச்ச பெயிண்டு,
நாப்பத்திரெண்டாயிரம் ஆச்சு.
ஒரே தட்டுல சாயம் போவ வெச்சிட்டியே."
ரெஜினா அக்கா கூடையை இறக்காமலே சொன்னாள்:
"எம் மூஞ்சி அஞ்சலி போஸ்டர் மாரி கீது.
கீழ தேதி ஒண்ணுதான் போடல."

சிரித்தேன்.
பதில் இருந்தது, சொல்லவில்லை.

எண்பத்து நான்கில் எங்கள் தெருவுக்கு
ஒரே தடவைதான் கேமரா வந்தது,
குடிசைகள் எரிந்த மறுநாள்.
படத்தில் கரி,
கரிக்கு நடுவே அதிகாரியின் வெள்ளைச் சட்டை.
ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் முழங்கை
அம்மாவுடையது என்கிறார்கள்.
அதனால்தான்
இந்த ஏல நேரத்து வெளிச்சத்தில் நின்று
இல்லாத ஆல்பத்துக்குப்
பக்கம் பக்கமாய்ப் பொய் சேர்க்கிறேன்.

அண்ணனுக்காகப் படகை மட்டும்
மறுபடி எடுத்தேன், ஒரு புள்ளியும் கூட்டாமல் கழிக்காமல்.
கண் கூசும் நீலம்.
ஃபோனில் வாங்கிக்கொண்டவர்
முதல் வேலையாக
கடன் கொடுத்தவனுக்கு அனுப்பினார்.