மூன்றாம் பலகை

கை முறிந்து ஏழு வாரம் கழித்து
கரிமேட்டு ஐஸ் கம்பெனிக்குள் திரும்ப நுழைகிறேன்.
வெளியே சித்திரை.
ராத்திரி பதினொன்றுக்கும் தார் அவிந்துகொண்டிருக்கிறது.
உள்ளே தரை முழுக்க மெல்லிசாய் ஒரு பனித்தோல்,
டியூப்லைட் அதில் நெளிகிறது.
அம்மோனியா வாடை முதலில் கண்ணைத்தான் விசாரிக்கும்,
அப்புறம்தான் மூக்கை.

விழுந்த இடம் தெரியும்.
சரிவில் மூன்றாம் பலகை.
அங்கே அடையாளம் ஒன்றுமில்லை.
யார் விழுந்ததையும் ஐஸ்
ஒரு ராத்திரிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.
உடம்புதான் வைத்திருந்தது.

ரப்பர் பூட்ஸுக்குள் பத்து விரலும்
பல்லி மாதிரி தரையைக் கவ்வப் பார்த்தன.
முழங்கால் பூட்டிக்கொண்டது.
தோள் இரண்டும் காதுவரை ஏறி உட்கார்ந்தன.
மூச்சை எங்கே வைத்தேனென்று தெரியவில்லை.
விழக்கூடாதென்று பின்னால் சாய்ந்தேன்.
பின்னால் சாய்கிறவனைத்தான்
அது முதலில் கவிழ்க்கும்.
தெரியும்.
தலைக்குத் தெரியும்.

"என்னய்யா, போட்டோவுக்கா நிக்கிற?"
மேலேயிருந்து ஜக்கரியா.
வாசலில் ராமேஸ்வரத்து மீன் வண்டி
ஆரன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.

முதல் பாரைக் கொக்கியால் இழுத்தேன்,
வாராத மாட்டை இழுக்கிறமாதிரி.
இரண்டாவதுக்கே ஆடுசதை கல்லாகிவிட்டது.
நாலாவதில் மணிக்கட்டு
பழைய வலியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.
ஐந்தாவது பார்
மேலே கேனிலிருந்து நழுவும்போது
கரண்ட் போனது.

கம்ப்ரசர் அடங்கியதும்
கட்டடமே ஒருதரம் விக்கித்து நின்றது.
பிறகு சொட்டுச் சத்தம்.
அதற்குப் பின்னால்,
பட்டுச்சேலை கிழிகிறமாதிரி
ஸ்ஸ்ஸ் என்று ஒன்று இறங்கி வந்தது.

"பாரு! பாரு!" ஜக்கரியா கத்துகிறான்.
இருட்டில் என்னத்தைப் பார்க்க?
வாயில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை,
அதுவும் முழுசாய்,
அடிவயிற்றிலிருந்து.
அதோடு ஏழு வாரத்து மூச்சும் வெளியே போயிற்று.
தாடை அவிழ்ந்தது.
தாடை அவிழ்ந்ததும் தோள்,
தோள் இறங்கியதும் இடுப்பு,
முழங்கால் தானே மடிந்தது,
யாரும் சொல்லவில்லை.

ஒதுங்கவில்லை நான். முன்னால் குனிந்து
வருகிறதன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.
அது போன பக்கம் போனேன்.
காலைப் பார்க்க முடியாததால்
கால் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

வழுக்குமரத்தில் சின்ன வயசில்
இறுக்க இறுக்கக் கீழே வந்தது நினைவிருக்கிறது.
அன்று அதை விளக்கெண்ணெயின் குற்றமென்று
நினைத்திருந்தேன்.

வழுக்குவது ஒன்று.
சறுக்குவது வேறொன்று.
நடுவில் எவ்வளவு தூரமென்றால்
மடிந்த முழங்கால் அளவு.
நாலு பலகையோ, ஐந்தோ,
நூற்றிச் சொச்சம் கிலோ குளிரும் நானும்
ஒரே வேகத்தில்.
சிரித்திருப்பேன் போல.
பல்லெல்லாம் கூசியது.

ஜெனரேட்டர் போட்டார்கள்.
வெளிச்சம் வந்ததும் கீழே பார்த்தேன்,
பார்த்ததும் முழங்கால் பழையபடி பூட்டிக்கொண்டது.
அவ்வளவுதான் அந்தச் சாமி இறங்கியிருந்த நேரம்.

அன்றைக்கு மொத்தம் அறுபத்திரண்டு பார்.
அதில் இருபது இருபத்தைந்து
சரியாய்ப் போயிருக்கும்.
மற்றதெல்லாம் விறைத்துக்கொண்டுதான்.
மூன்றாம் பலகை வரும்போதெல்லாம்
அந்தக் கெட்ட வார்த்தையை
வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.
கணக்குப்பிள்ளை சுடலைமாடன்
மந்திரம் ஜெபிக்கிறேனென்று நினைத்து
ஒரு மாதிரி மரியாதையாய் ஒதுங்கிப் போனார்.

விடிய ஐந்து மணிக்கு
டீக்கடைப் பக்கம் நடந்தேன்.
காய்ந்த ரோடு. சூடு கூட ஆறவில்லை.
முழங்காலைத் தளர்த்தி,
பாரத்தை முன்னால் கொடுத்து,
கவனமாய்,
மிகக் கவனமாய் வந்து
ஒரு செங்கல்லில் இடித்துக்கொண்டேன்.
பெருவிரல் நகம் போச்சு.

வலது கையில்தான் கிளாஸை வாங்கினேன்.
டீ தளும்பவில்லை.