சாட்சிக் கண்ணாடி

சுமத்ராவில் நிலம் புரண்ட இரவு
பினாங்கில் எங்கள் பதினேழாம் மாடியில்
மீன்தொட்டித் தண்ணீர் மட்டும்
ஒரு பக்கமாய் எழுந்து உட்கார்ந்தது.
அவ்வளவுதான். என் கணவர் விழிக்கவே இல்லை.

காலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசி:
"தேவாலயம் வெடித்திருக்கிறது."
ஒரு மூச்சு விட்டு,
"குண்டில்லை அம்மா, சுவர்."

அந்தோணியார் சுரூபத்தின் தோளருகே தொடங்கி
மணிக்கூண்டுப் படிவரைக்கும் ஏறியிருந்தது.
"ஜப்பான்காரன் காலத்திலேயே இருந்ததுதான்,
இப்போதுதான் வாயைத் திறக்கிறது"
என்றார் கோயில்பிள்ளை சவரியப்பன்.
நான் எழுதிக்கொண்டேன்:
நான்கு மில்லிமீட்டர்.

விரிசலின் குறுக்கே
சன்னமான கண்ணாடித் துண்டை வைத்து
இருமுனையிலும் சாந்து பூசுவோம்.
தேதி எழுதுவோம்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சாட்சி.
உடைவதைத் தவிர
அதற்கு வேறு பேச்சு தெரியாது.

"எங்கள் வேதசாட்சிகளும் அப்படித்தான்" என்றார்.
நான் திருநீறு பூசுகிற வீட்டுப் பெண்.
அந்தச் சொல்லை அப்புறம்தான்
வீட்டில் தேடிப் பார்த்தேன்.

மணி அடிக்கக் கூடாது என்றேன். அதிர்வு.
பெரிய வியாழன் இரவில் வாயடைக்கிற மணி
அந்த வருடம் ஆகஸ்டிலேயே அடைத்துக்கொண்டது.
பெட்டியிலிருந்து மரக்கட்டையை எடுத்து
மாலை ஆறு மணிக்குத் தெருவோரம் நின்று
கடகடவென்று தட்டினார்.
எதிர்க் கோப்பிக்கடைத் தவுக்கே மலாயில் கேட்டார்,
யார் செத்தது?

இரண்டாம் முறை போனபோது
கண்ணாடிக்குக் கீழே மெழுகுதிரிகள்.
சூட்டில் தெறித்துவிடும் என்று அட்டை எழுதி மாட்டினேன்.
ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு
அங்கேயே நின்றாள் ஒருத்தி.
தியுர்மா. தோபா ஏரிப்பக்கம் ஊர்.
இங்கே மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வேலை.
சுவரைப் பார்த்தாள்.
"இவ்வளவுதானா?"
குத்தல் இல்லை அதில். உண்மையாகவே கேட்டாள்.

கைப்பேசியை நீட்டினாள்:
அவள் ஊர்க் கோயிலில்
கதவுநிலை மட்டும் நிற்கிறது.
தார்ப்பாயின் கீழே சனங்கள்,
அதைப் பார்த்தபடி முழந்தாளில்.
அந்த நிலை வழியாக வயல் தெரிகிறது,
ஒரு எருமை.
என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் முறை, ஏழு கண்ணாடிகளில்
ஐந்தாவது உடைந்திருந்தது.
அளந்தேன். மறுபடி அளந்தேன்.
விரிசல் அதே நான்கு.
சில்லுகளை யாரோ பெருக்கி
செய்தித்தாளில் மடித்து
அந்தோணியார் காலடியில் வைத்திருந்தார்கள்.

சவரியப்பன் தரையைப் பார்த்தார்.
"நேற்று நாற்பதாம் நாள்.
பதினெட்டுப் பேராம் அவள் ஊரில்.
கட்டையால் எப்படித் துக்கம் அடிப்பது?
ஒரே ஒரு அடி அம்மா.
மெதுவாகத்தான்."

காரணம் என்ற இடத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.
புதுக் கண்ணாடி வைத்துச் சாந்து காய்கிறவரை
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
தேதி போடப் போனால் என் பேனா எழுதவில்லை.
சட்டைப்பையிலிருந்து
தன்னுடையதைக் கொடுத்தார்.
சிவப்பு மை.