சட்டத்துக்குப் பத்து ரூபாய்

பிவிசி குழாயை நானே அறுத்து ஒட்டியது.
நாலு குழாய், நாலு முக்கு,
நடுவில் ஒன்றும் கிடையாது.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை;
சட்டத்துக்கு உண்டு என்றார் கண்டக்டர்.
"என்னம்மா இது, ஜன்னலா?"
ஒரு சதுர மீட்டர் என்றேன்.
பத்து ரூபாய் கிழித்தார்,
உள்ளே இருந்த காற்றுக்கும் சேர்த்து.

இயற்கை வளப் பாதுகாப்பு,
முதுகலை, இரண்டாம் ஆண்டு.
யாராவது கேட்டால் அக்கா வீட்டுக்காரர்
"அக்ரி மாதிரி" என்று முடித்துவிடுவார்.
படித்து என்ன ஆவாய் என்றதற்கு
துறைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினேன்.
வனச்சரகர், நீர்வடிப்பகுதித் திட்டம்,
மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
மற்றும் பல.
எனக்கு முந்தைய பேட்ச் முழுக்க
அந்த "மற்றும் பல"வுக்குள்தான் போயிருக்கிறது.
காஜா முகைதீன் ஷார்ஜாவில், கழிவுநீர் ஆலையில்.
ஜெசிந்தாவுக்கு சோலார் பண்ணையில் வேலை:
பலகைகளுக்கு அடியில்
புல் முளைக்காமல் பார்த்துக்கொள்வது.

போன ஐப்பசியில்
பள்ளத்தூருக்கு மேற்கே, செம்மண் பொட்டலில்
கண்ணை மூடிக்கொண்டு
முதுகுக்குப் பின்னால் சட்டத்தை எறிந்தேன்.
விழுந்த இடத்தில் எண்ண வேண்டும், அதுதான் முறை.
கொழிஞ்சி. செப்புநெருஞ்சி.
ஓரிதழ்த்தாமரை இரண்டு, ஒன்று பூவோடு.
பெயர் தெரியாத ஒன்றுக்கு
"புல் 7" என்று நானே வைத்த பெயர்.
மொத்தம் பத்தொன்பது.
குந்தி உட்கார்ந்ததில் கால் மரத்துவிட்டது.

சித்திரையில் நேர்காணல்.
கல்லுக்கட்டியில் ஜெராக்ஸ் கடை மாடி,
சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம்.
வயிரவன் சார் நல்ல மனிதர், மோர் கொடுத்தார்.
எட்டு ஏக்கர் கிராவல் குவாரிக்கு அறிக்கை;
எல்லாம் அடித்து வைத்திருந்தார்கள்.
தாவரங்கள் என்ற இடத்தில்
"குறிப்பிடத்தக்கவை ஏதுமில்லை."
கீழே என் பெயருக்கு, பட்டத்துக்கு
விட்டிருந்த கோடு.
சம்பளம் இருபத்திரண்டாயிரம், பி.எஃப். உண்டு.

சர்வே எண்ணைப் பார்த்தேன்.
என் பொட்டல்.

"பொய்யில்லம்மா, நேத்துத்தான் ஆள் போய்ப் பார்த்தான்."
போட்டோவைக் காட்டினார்.
பொய்யில்லைதான்.
வெடித்த மண், ஆட்டுப் புழுக்கை,
தூரத்தில் ஒரு சீமைக்கருவேலம்.
சித்திரையில் யார் போய்ப் பார்த்தாலும்
அங்கே ஒன்றும் இருக்காது.

பதினோரு நாள் கேட்டேன்.
"எதுக்கு?"
"முளைக்க."
அவர் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ஏழு நாள். எட்டாம் நாள் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

அன்று மாலையே போய்
சட்டம் போட்டு, மேல்மண் மட்டும்
இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தேன்.
விடுதி ஜன்னலில் பிளாஸ்டிக் தட்டு.
காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை.
அறைத்தோழி முதல் நாள் சிரித்தாள்,
நாலாம் நாள் நான் தூங்கிவிட்டபோது
அவளே ஊற்றியிருந்தாள்.

இன்று ஆறாம் நாள்.
இரண்டு வித்திலை,
நகக்கண் அளவு, விதைத்தோல் இன்னும் உதிரவில்லை.
இந்தப் பருவத்தில் எல்லாம் ஒரே முகம்.
ஓரிதழ்த்தாமரையாக இருக்கலாம்.
புல் இல்லை, அது மட்டும் நிச்சயம்.
சீமைக்கருவேலமாகவும் இருக்கலாம்.

நாளை எட்டரை பஸ்ஸில் தட்டோடு போகிறேன்.
சில்லறையாகப் பத்து ரூபாய் எடுத்து வைத்தாயிற்று.
மண்ணுக்கு எவ்வளவு கேட்பார் என்று
தெரியவில்லை.